எட்டுப்பத்து பஸ்ஸும் தாய்மாமன் மடியும்

ஆகஸ்ட் 4, ஞாயிறு

கம்பெனி கொடுத்த டைரி ஏழு மாதமாக அரிசி மூட்டைக்கு அண்டை கொடுத்துக் கிடந்தது. இன்று உருவி எடுத்துத் துடைத்தேன். மூட்டை சாய்ந்தது, வடிவு கத்தினாள். வீட்டுக்காரி என்றால் கத்தத்தான் செய்வாள். பெரிய காரியம் நடக்கும்போது மூட்டை சாய்வதெல்லாம் ஒரு கணக்கா.

முதல் பக்கத்தில் விவரம் எழுதச் சொல்லிக் கோடு போட்டிருக்கிறான். பெயர் ஆறுமுகநயினார். வயது ஐம்பத்தேழு. பார்க்கிறவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள், கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் நாற்பது. படிப்பு எட்டாவது. ஒன்பதாவதில் சேரச் சொல்லி வாத்தியார் வீட்டு வாசலில் வந்து கெஞ்சினார், எனக்குத்தான் ஒழியவில்லை. உத்தியோகம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் எங்கள் கம்பெனி பஸ்களுக்கு டைம்கீப்பர். முப்பத்தோரு வருஷம். என் விசில் கேட்காமல் ஒரு சக்கரம் உருண்டதில்லை. ஒருமுறை மந்திரி காரே என் விசிலுக்கு நின்றது. அவர் இறங்கி வணக்கம் சொன்னார் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

இன்றைக்கு எழுத ஆரம்பித்ததற்குக் காரணம் தங்கை பிரமு வந்ததுதான். அவள் மகள் கோமதியின் பாப்பாவுக்கு 30-ஆம் தேதி அடவிபட்டி சாஸ்தா கோவிலில் மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என்றால் கோமதியின் தம்பி பரணி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கு லீவு இல்லையாம்.

"அண்ணன், நீதான் உட்காரணும். பூசாரிகிட்டக் கேட்டாச்சு. தாய்மாமன் இல்லாட்டா தாயோட தாய்மாமன் உட்காரலாம்னுட்டாரு. பரணி போன்ல அழுதுட்டான் பாவம்."

"அழுதானா?"

"ஆமாண்ணன், தேம்பித் தேம்பி."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. இன்னொரு டம்ளர் காப்பி வாங்கிக் குடித்தேன்.

என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளைகள் மொத்தம் பதினேழு. வடிவு எட்டிப் பார்த்துவிட்டு, "எது, பதினேழா? கோமதி ஒண்ணு, பரணி ஒண்ணு. மிச்சம் பதினஞ்சும் எந்த ஊர்ல இருக்கு?" என்கிறாள். டைரி எழுதும்போது எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

இன்று பஸ் ஸ்டாண்டில் செய்தியைச் சொன்னேன். டிரைவர் சாலமன் கையைப் பிடித்துக் குலுக்கினான். "இது எத்தனாவது பிள்ளை அண்ணாச்சி?" என்றான். இருபத்துநாலாவது என்றேன்.

கம்பெனிக்காரர்கள் வண்டிக்கெல்லாம் ஏதோ மிஷின் வைத்துவிட்டார்கள். வண்டி எங்கே வருகிறது என்று போனிலேயே தெரியுமாம். முன்னாலெல்லாம் காலேஜ் பிள்ளைகள் "அண்ணாச்சி, அம்பை பஸ் எப்போ?" என்று வரிசையில் நின்று கேட்கும். இப்போது என்னிடம் முதுகைக் காட்டிக்கொண்டு போனைக் கேட்கின்றன. ஒரு பிள்ளையிடம் நானாகவே போய், "அம்பை வண்டி ஏழு நிமிஷத்துல வந்துரும் தாயீ" என்றேன்.

"ஒம்பது நிமிஷம் தாத்தா," என்றாள்.

வண்டி ஒன்பது நிமிஷத்தில்தான் வந்தது. டிராபிக் ஜாஸ்தி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வீட்டில் தரையில் சம்மணம் போட்டுப் பார்த்தேன். அருமையாகப் போட்டேன். எழுந்திருக்கும்போது வடிவு கை கொடுத்தாள். கல்யாணமாகி முப்பது வருஷமாகியும் அவளுக்கு என் கையைப் பிடிக்கிற ஆசை போகவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பிரமு வீட்டுக்குப் போயிருந்தேன். பாப்பாவுக்கு என் மடி பழக வேண்டும் அல்லவா. பெயர் என்னவோ வாயில் நுழையாத ஒன்று வைத்திருக்கிறார்கள், நான் பாப்பா என்றே எழுதுகிறேன். பதினோரு மாதம். கோமதி கொண்டுவந்து மடியில் வைத்தாள். பாப்பா என் மீசையைப் பார்த்தாள். நான் பாப்பாவைப் பார்த்தேன். வீடு இடிந்துவிழுகிற மாதிரி ஒரு அழுகை.

"பயந்துட்டா மாமா. பழகிருவா," என்றாள் கோமதி.

"மாமா சொல்லு, மா... மா..." என்று நான் சொல்லிக் கொடுத்தேன்.

கோமதி சிரித்தாள். "அவளுக்கு நீங்க தாத்தா முறைல்லா? எனக்குத்தான் மாமா."

இந்த முறையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. கண்டுபிடித்தவன் சின்ன வயசில் செத்திருப்பான்.

அந்த நேரம் பார்த்துப் பரணி வீடியோவில் வந்தான். போனை நீட்டினதுதான் தாமதம், பாப்பா சிரிக்கிறாள், தொடையில் குதிக்கிறாள், போனை நக்குகிறாள். என் தொடையில் குதித்துக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். அவன் செய்வதும் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உதட்டைக் குவித்து ‘பூர்ர்ர்’ என்கிறான், அவ்வளவுதான்.

"மாமா, நல்லா இருக்கீங்களா? மடியைக் கெட்டியா வச்சுக்கோங்க, என் மருமகளுக்கு," என்றான்.

"உனக்கே நான்தாம்லே மடி கொடுத்தேன்," என்றேன்.

"அதான் மாமா எனக்கு ஒரு காதுல ஓட்டை ஏறி இருக்கு," என்றான். அந்தப் பக்கம் அவனுடைய கூட்டாளிகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிரமு சிரித்தாள், கோமதி சிரித்தாள். பாப்பாவுக்கு என்ன புரிந்ததோ, அவளும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து ‘பூர்ர்ர்’ சொல்லிப் பார்த்தேன். பல்செட் ஆடியது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினார்கள். மிட்டாய் இரண்டு கொடுத்தார்கள். சாலமனுக்கு மூன்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

சட்டை எடுத்தேன். சந்தன நிறப் பட்டுச் சட்டை. கடைக்காரப் பையன், "உங்க வயசுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கும் ஐயா" என்றான். அவனிடம் என் வயசை யாரும் கேட்கவில்லை. அடுத்த கடைக்குப் போய் அதே சட்டையை எடுத்தேன். தலைக்கும் மீசைக்கும் மை ஒரு பாக்கெட்.

பெட்டியைக் குடைந்தபோது பரணியின் காதுகுத்துப் போட்டோ கிடைத்தது. அப்போது எனக்கு வயது முப்பத்திரண்டு. மீசை தன் சொந்தக் கறுப்பில் இருக்கிறது. ஆசாரி ஊசி வைத்த நேரம் அந்தப் பயல் என் தொடை நனைய ஒன்றுக்குப் போய்விட்டான். புது வேட்டி. நான் அசையவில்லையே. அசைந்தால் காது கிழியும் என்று ஆசாரி சொல்லியிருந்தார். காது ஏறியிருக்கிறதாம். அது அவன் தலையை ஆட்டியதால் ஏறியது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை டைரியில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அவன் பத்தாவது படிக்கிறவரைக்கும் பள்ளிக்கூடம் விட்டால் நேரே என் ஆபீசுக்குத்தான் வருவான். எண்ணெய்ச் சுவர், ஒரு பெஞ்சு, ஒரு மணிக்கூடு, அதுதான் ஆபீஸ். "மாமா, நான் ஊதட்டுமா?" என்று விசிலுக்குத் தொங்குவான். போன பொங்கலுக்கு வந்தபோது பிரமு வீட்டு மாடியில் அவனும் அவன் சித்தப்பா பிள்ளைகளும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே தெரு வரைக்கும் கேட்டது. சரி, நாமும் ஒரு கதை சொல்லுவோம் என்று ஏறிப் போனேன். நான் தலையை நீட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் எழுந்து நாற்காலி காலி பண்ணினார்கள். மரியாதையாம். கதை சொன்னேன், மந்திரி கார் கதைதான். "சூப்பர் மாமா" என்றான் ஒருவன். இறங்கி வந்தேன். ஏழாவது படியில் கால் வைக்கும்போது மேலே மறுபடி சிரிப்பு ஆரம்பித்தது.

அவர்களுக்குள் போனில் தனியாக ஒரு குரூப் வைத்திருக்கிறார்களாம், பரணிதான் தலைவனாம். எனக்கு அது தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. காலை வணக்கம் படம் நான் தினமும் அனுப்புகிற குரூப்பில் பிரமுவும் அவள் புருஷனும் நானும் மட்டும்தான் இருக்கிறோம் என்பது இப்போதுதான் புரிகிறது.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பரணி கூரியரில் தாய்மாமன் சீர் அனுப்பிவிட்டான். பாப்பாவுக்குக் கம்மல், பட்டுப் பாவாடை, இன்னும் என்னென்னவோ பொம்மை. பிரமு தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறாள். கம்மலில் சின்னதாக மயில். "வராட்டாலும் மனசு பூரா இங்கதான் இருக்கு பாருண்ணன் அவனுக்கு," என்று என்னிடமே சொல்கிறாள்.

நானும் வெள்ளிக் கொலுசு வாங்கி வைத்திருக்கிறேன். பிரமு அதை வாங்கி, "அழகா இருக்குண்ணன்" என்று சொல்லிவிட்டு மயிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். மயிலுக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் எடுபடாது.

பரவாயில்லை. மயில் அவனுடையது, மடி என்னுடையது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

சம்மணம், பத்து நிமிஷம். முட்டியில் வலி இல்லை. ஒரு சத்தம் மட்டும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

சாயங்காலம் நாலு மணிக்குப் பரணி போன். மூச்சு முட்டப் பேசினான்.

"மாமா! லீவு கிடைச்சிட்டு! இப்பத்தான் மேனேஜர் சரின்னான். ஆறு மணி பஸ் ஏறுதேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க. அம்மா, அக்கா யாருக்கும் தெரியக்கூடாது. சர்ப்ரைஸா வந்து நிக்கணும்."

"வா வா. ரொம்ப சந்தோசம்லே," என்றேன்.

"காலைல எட்டு மணிக்குத் தென்காசி வந்துரும். அடவிபட்டி எட்டுப்பத்தைப் பிடிச்சிருவேன். ஒண்ணு ரெண்டு நிமிஷம் முன்னபின்ன ஆனாலும் நிறுத்தி வச்சிருங்க மாமா. நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா வாரேன். அதைவிட்டா ஒம்பதேமுக்கால்தான். மேல பாரஸ்ட் செக்போஸ்ட்ல பெர்மிட் இல்லாம வேற வண்டியை விடமாட்டான்."

"நான் இருக்கேம்லா," என்றேன்.

போனை வைத்துவிட்டுப் பட்டுச் சட்டையை இஸ்திரி போட்டேன். வடிவு யார் போனில் என்று கேட்டாள். கம்பெனி என்றேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

விசேஷம் மிகச் சிறப்பாக நடந்தது. ஐந்நூறு பேர் கூட்டம். சரி, அறுபது.

குடும்பத்தார் எல்லாரும், வடிவும் சேர்த்துத்தான், பெர்மிட் வாங்கிய வேனில் காலை ஆறரைக்கே கோவிலுக்குப் போய்விட்டார்கள். நான் டூட்டி முடித்து எட்டுப்பத்து வண்டியில் வருவதாகச் சொல்லியிருந்தேன். நான் இல்லாமல் அந்த வண்டி கிளம்பாது என்பது ஊருக்கே தெரியும். மை அடித்த மீசை, பட்டுச் சட்டை. சாலமன், "மாப்பிள்ளை மாதிரில்லா இருக்கிய அண்ணாச்சி" என்றான்.

பெங்களூர் வண்டி எட்டுமணிக்கு வரவில்லை. எட்டு ஐந்துக்கு அந்தக் கோடியில் தலை காட்டியது. நான் வண்டியில் ஏறி விசில் ஊதினேன்.

"இன்னும் நேரம் கிடக்கே அண்ணாச்சி," என்றான் சாலமன்.

"டைம்கீப்பர் நானா நீயா?"

அவன் எடுத்துவிட்டான். எட்டுப்பத்து வண்டி எட்டுப்பத்துக்குப் புறப்பட்டது. அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு வாசல் திரும்பும்போது பின்கண்ணாடியில் யாரோ ஓடி வருகிற மாதிரித் தெரிந்தது. நீலச் சட்டை, தோளில் பை, கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு. தென்காசியில் நீலச் சட்டை போட்டவன் ஆயிரம் பேர் இருப்பான்.

அடவிபட்டியில் இறங்கும்போது எட்டு ஐம்பது. பாப்பாவுக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். தலை பார்க்க அத்தனை அழகு, உரித்த பனங்கிழங்கு மாதிரி. பத்தரைவரைக்கும் நல்ல நேரம் இருக்கிறது என்றார் பூசாரி. பிரமு, "மாப்பிள்ளை வீட்டாளுக ரெண்டு பேர் வரணும், ஒம்போதரைக்கு வச்சுக்கலாமாண்ணன்?" என்று கேட்டாள்.

"நல்ல நேரத்தை எதுக்குக் கடத்தணும்? உடனே ஆரம்பிங்க," என்றேன்.

தரையில் கோலம் போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தது. சம்மணம் போட்டேன். முட்டியில் அந்தச் சத்தம், நாதஸ்வரத்தில் அமுங்கிவிட்டது. பாப்பாவை மடியில் வைத்தார்கள். அழுதாள். கையையும் காலையும் உதறி, கோமதியைப் பார்த்து எக்கி எக்கி அழுதாள். "பிள்ளை தலையைக் கெட்டியாப் புடிங்க பெரியவரே," என்றார் ஆசாரி. என்னைவிட அவருக்கு நாலு வயது கூட இருக்கும்.

தலையை என் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்தேன். இளஞ்சூடு. சந்தன வாசனை. ஒரு காது. வீல் என்றாள். மறு காது. அப்புறம் எல்லாருக்கும் பொட்டுக்கடலையும் வெல்லமும். மயில் இரண்டும் காதில் உட்கார்ந்துவிட்டது.

பாப்பாவைத் தூக்கியபோது எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். வேர்வையில் என் மீசை மை அவள் மொட்டைத் தலையில் கறுப்பாக அப்பியிருந்தது.

"தாத்தா திருஷ்டிப் பொட்டு வச்சுட்டாரு!" என்று ஒரு பெண் கத்தினாள். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கால் மரத்துவிட்டது. கொஞ்சநேரம் உட்காரலாமே என்று உட்கார்ந்திருந்தேன். பந்தி போடுகிறவர்கள் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டே என் பக்கம் வந்துவிட்டார்கள். மணி பத்து ஐந்து. அப்போது கோவில் படியில் பரணி ஏறி வந்தான்.

நீலச் சட்டை உடம்போடு ஒட்டிக்கிடந்தது. செருப்பு அறுந்து ஒரு கால் வெறும் கால். செக்போஸ்ட் வரைக்கும் ஆட்டோவில் வந்து, அங்கே ஆட்டோவை விடாததால் ஐந்து கிலோமீட்டர் ஏற்றத்தில் நடந்திருக்கிறான். நடக்கவில்லை, ஓடியிருக்கிறான். பாப்பாவின் காதைப் பார்த்தான். கோமதி ‘ஏலே பரணி’ என்று ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தி வச்சிருப்போமேடா! ஒரு மணி நேரம்தானே!"

"என் தப்புதான்க்கா. பெங்களூர் பஸ் லேட்டு," என்றான். என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, "லேட்டு," என்று இன்னொரு தடவை சொன்னான்.

அப்புறம் வந்து என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தூக்கி நிறுத்தினான். பிள்ளையைத் தூக்குகிற மாதிரி.

சாப்பாடு நன்றாக இருந்தது என்றார்கள்.

ஆகஸ்ட் 31, சனி

கோமதி போட்டோ அனுப்பியிருக்கிறாள். நானும் பாப்பாவும். நன்றாக விழுந்திருக்கிறது. கீழே எழுதியிருக்கிறாள்: தாத்தா மடியில் எங்கள் செல்லம்.

அறுபத்துநாலு பேர் இதயம் போட்டிருக்கிறார்கள். அதில் எங்கேயும் மாமா என்ற சொல் இல்லை. தேடிப் பார்த்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

பரணிக்குச் சாயங்காலம் ஐந்தரைக்குப் பெங்களூர் வண்டி. எனக்கு இன்று டூட்டி இல்லை. இருந்தாலும் போனேன். அவன் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தான். பிரமுவை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"என்னலே, சாப்பிட்டியா? முறுக்கு வாங்கட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் மாமா."

"அன்னைக்கு வெயிலு கண்ணுல அடிச்சிட்டு பாத்துக்கோ, கண்ணாடில ஒண்ணுமே..."

"அதைச் சொல்லாதீங்க மாமா." குரலை உயர்த்தவில்லை. "நான் கையைக் காட்டுனேன். நீங்க பாத்தீங்க. பாத்துட்டுத் திரும்பிக்கிட்டீங்க. நம்ம ரெண்டு பேரு கண்ணும் பாத்துச்சு."

பக்கத்து வண்டிக்காரன் திருநெல்வேலி, திருநெல்வேலி என்று கூவிக்கொண்டிருந்தான். அவன் ஓய்கிறவரைக்கும் அந்த வண்டியின் போர்டைப் படித்தேன். ஓய்ந்ததும் வேறு வழியில்லை.

"ஆமாம்லே. பாத்தேன்," என்றேன்.

"எதுக்கு மாமா?"

எதுக்கு என்று எனக்கு ஒரு ஐந்தாறு பதில் தெரியும். உன்னைப் பார்த்தால் பாப்பா சிரிக்கிறாள். நான் மாடி ஏறினால் நீங்கள் சிரிப்பை நிறுத்துகிறீர்கள். மயில் உன்னுடையது. "தெரியலை," என்றேன்.

"அப்ப ஏம்லே வீட்டுல சொல்லாம இருக்க?" என்று நானே கேட்டேன்.

"சொன்னா என்ன நடக்கும் தெரியுமா? ‘பாவம், மாமாவுக்கு வயசாயிட்டு, விடு’ன்னுருவா அம்மா. அக்கா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கிட்டு அவளும் விட்டுருவா. எல்லாரும் விட்டுருவாங்க. நான் விடமாட்டேன் மாமா. எனக்கு ஒரே அக்கா. அவ இந்த ஒண்ணு போதும்னுட்டா. இனிமே எனக்கு எந்தப் பிள்ளைக்கு மடி? நீங்க வயசாகிப் பண்ணலை. பொறாமையில பண்ணுனீங்க. அதுக்கு நான் உங்ககிட்டக் கோவமா இருக்கணும்."

இருபத்தைந்து வயது. தாடை அப்படியே என் அப்பாவுடையது. சட்டையைப் பிடித்துவிடுவான் என்று நினைத்தேன். பிடித்திருக்கலாம்.

"ரொம்ப நாளைக்குப் பேசமாட்டேன்," என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டான். போயிட்டு வாரேன் மாமா என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு அந்தப் பக்கம் பார்த்தான். வண்டி ஐந்து முப்பதுக்குச் சரியாகப் போனது.

ஆகஸ்ட் 30 பக்கத்தில் எழுதியது பொய். எட்டுப்பத்து வண்டி எட்டு ஆறுக்குப் போனது. பெங்களூர் வண்டியிலிருந்து அவன் இறங்குவதைப் பார்த்த பிறகுதான் ஊதினேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிரமு வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பிரமு, அவள் புருஷன் மாணிக்கவாசகம், கோமதி. பரணி வருவது எனக்கு முந்தின நாளே தெரியும், அவனைப் பார்த்துவிட்டே வண்டியை முன்னால் எடுத்தேன், கோவிலில் ஒம்போதரை என்றதையும் முந்த வைத்தேன் என்று ஒன்றுவிடாமல். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வேட்டியை இறுக்கிக் கட்டிப் போயிருந்தேன்.

கோமதிக்கு முகம் சிவந்தது. "மாமா!" என்றாள். அவ்வளவுதான். அழுகிற மாதிரி வந்தது, அழவில்லை.

மாணிக்கவாசகம், "மச்சான், எட்டுமணி வெயில் நேரா கண்ணுலல்லா அடிக்கும். மணிக்கூட்டைத் தப்பாப் பாத்திருப்பிய," என்றார்.

"இல்லை. சரியாத்தான் பாத்தேன்."

"போன் பண்ணுனது மறந்துருக்கும்," என்றாள் பிரமு.

"மறக்கலை பிரமு. ராத்திரி பூரா ஞாபகம் இருந்துச்சு."

"சரிண்ணன், சரி. விடு. வயசாகுதுல்லா, இதெல்லாம் வரத்தான் செய்யும். இவரு போன வாரம் சைக்கிள் சாவியை ஐஸ்பெட்டியில வச்சுட்டாரு."

"நான் சாவியை வைக்கலை! வேணும்னு பண்ணுனேன்! பொறாமையில பண்ணுனேன்!"

கொஞ்சம் கத்திவிட்டேன் போல. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோமதி எழுந்து வந்து என் தோளைத் தொட்டாள். கோபம் முகத்திலிருந்து போயே போய்விட்டது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"நாளான்னைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போவோம் மாமா. நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

பிரமு தோசை வார்த்தாள். நாலு சாப்பிட்டேன்.

செப்டம்பர் 5, வியாழன்

கண் ஆஸ்பத்திரி. டாக்டர் ஒரு சின்னப் பையன், பரணி வயசுதான் இருக்கும். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் படித்தேன். "இந்த வயசுல தூரப்பார்வை இவ்வளவு தெளிவா இருக்கே ஐயா!" என்று ஆச்சரியப்பட்டான். நான் வேண்டாம் வேண்டாம் என்றாலும் நர்சைக் கூப்பிட்டுக் காட்டினான்.

ரிப்போர்ட்டைக் கோமதியிடம் நீட்டினேன். "பாரு. நூறடிக்கு அந்தப் பக்கம் நீலச் சட்டையில சட்டைப் பொத்தான்கூடத் தெரியும் எனக்கு. அப்ப நான் சொன்னது நிசம்தானே?"

"சரி மாமா. இளநீ குடிக்கியளா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து வடிவிடம் சொன்னேன். அவளிடம் அதுவரை சொல்லவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதை நிறுத்தாமல், "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்கு நீங்க வண்டிய விட்டு இறங்கும்போது மணி எட்டம்பது. வண்டி எப்பவும் எட்டம்பத்தஞ்சுக்குத்தான் வரும்." இன்னொரு கட்டுக் கீரையை எடுத்தாள். "என்ன மனுசனோ. அந்தப் பய செருப்பில்லாம நின்னான்."

ராத்திரி சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலை பத்துமணிக்குப் பரணிக்குப் போன் போட்டேன். லீவு நாள், எழுந்திருப்பான். மணி முழுக்க அடித்தது, எடுக்கவில்லை. அரைமணி கழித்துப் போட்டேன். பாதியில் கட் பண்ணினான். ஆக, போன் கையில்தான் இருக்கிறது. என் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் கட் பண்ணுகிறான்.

வடிவு எட்டிப் பார்த்தாள். "என்ன, எடுக்கானா?"

"எடுக்கலை. இன்னும் கோவமாத்தான் இருக்கான். அவன் ஒருத்தன் விடலை."

"அதுக்கு எதுக்குச் சிரிக்கிய?"

நான் சிரிக்கவில்லை. மதியம் சாப்பிட்டுவிட்டு மறுபடி போட வேண்டும்.